கடல் தாண்டிய கதைப்பாட்டு

மதுரைச் சீமையில் கதை பெரும்பாலும் பாட்டாகத்தான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் பாடும் வர்ணிப்பு, மதுரைவீரன் கதை, கான்சாகிபு சண்டை போன்ற கதைப்பாட்டுகள், விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகம், தப்பு அடித்து ஆடும் ஆட்டம், முளைப்பாரிக் கும்மி, இழவு வீட்டு ஒப்பாரி என்று வைகைக் கரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்க்கரை ஊர்களிலும் இந்தச் செல்வம் பரவிக் கிடக்கிறது. இது வெளிநாட்டார் காதை எட்டியது நேற்று இன்று அல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூலி வேலைக்குப் போனவர்களோடும், நாடகக் கம்பெனிகளோடும், ஆய்வாளர்களின் ஒலிநாடாக்களிலும், விழா மேடைகளிலும் அது கடல் தாண்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வழியிலும் போய்ச் சேர்ந்தது ஒன்று, விட்டுப்போனது வேறொன்று.

இந்தப் பாட்டுகளை அயலாரிடம் கொண்டுசெல்வதில் சிரமம் எங்கே இருக்கிறது என்பதை அழகர் வர்ணிப்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கள்ளழகர் அழகர்மலையிலிருந்து புறப்படுகிறார். பதினெட்டாம்படிக் கருப்பனிடம் விடைபெற்று, வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கி, தல்லாகுளத்தில் எதிர்சேவை கண்டு, தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு நேரத்தில் வந்து சேர முடியாத கோபத்தில் ஊருக்குள் வராமலே வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். இதைப் பாடகர் கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொண்டு போவார். கல்யாணத்துக்குப் பிந்தி வந்த கதை கோயில் புராணத்தில் இல்லை. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வருவதாகத்தான் புராணம் சொல்லும். அழகர் முன்பு தேனூருக்குப் போய்வந்தவர் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில்தான் இரண்டு திருவிழாக்களும் ஒரே மாதத்தில் இணைந்தன என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே கதையாகப் பிணைத்தது சனங்களின் கற்பனை. வர்ணிப்பு அந்தக் கற்பனைக்குக் குரல் கொடுக்கிறது.

வர்ணிப்பைக் கேட்க உட்காருகிறவருக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். இந்த வருசம் அழகர் என்ன நிறத்துப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார், பச்சை என்றால் வெள்ளாமை செழிக்குமே என்ற எதிர்பார்ப்போடு அவர் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் ஊன்றிக் கேட்டால் பாடகர் ஒரு மண்டகப்படியையே நெடுநேரம் இழுப்பார். கலைந்தால் சட்டென்று ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார். நடுநடுவே எழும் ‘கோவிந்தா’ முழக்கம் பாட்டின் ஒரு உறுப்பு. கதையில் பாதியைக் கேட்பவரே கொண்டுவந்து சேர்க்கும் கலை இது. அந்தப் பாதி இல்லாத அயலூர் அரங்கில் மீதிப் பாதியை எப்படி நிற்க வைப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

முதல் முதலாகக் கடல் தாண்டியபோது இந்தக் கேள்வி எழவில்லை. ஏனென்றால் பாடியவர்களும் கேட்டவர்களும் ஒரே கப்பலில் போனார்கள். பிரிட்டன் 1830களிலும் பிரான்ஸ் 1848இலும் தத்தம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். 1853இல் ‘ஓரேலி’ என்ற கப்பல் கரீபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் முதல் தொகுதி இந்தியர்களை இறக்கியது. அடுத்த ஆண்டு இறுதியில் குவாதலூப் தீவிலும் இந்தியர்கள் வந்திறங்கினார்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போனார்கள். இவர்களில் பெரும்பாலோர் தமிழர். இலங்கைக்குப் போனவர்களுக்குக் கப்பல் பயணம் கொஞ்சம், கால்நடைப் பயணம் அதிகம். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னே நடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டை அடைந்தார்கள்.

மூட்டையில் பெரிதாக எதுவும் கொண்டுபோகாத இந்த மக்கள் தெய்வங்களையும் தெய்வங்களின் கதைகளையும் கொண்டுபோனார்கள். அவற்றில் மிகத் தொலைவு போனது மதுரைவீரன் கதை. காசி ராசாவின் பிள்ளையாகப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் குடும்பத்தில் வளர்ந்தவன் வீரன். பொம்மண்ணன் மகள் பொம்மியைக் காவல் குடிசையிலிருந்து சிறையெடுக்கிறான். திருமலை நாயக்கரிடம் சேவகத்தில் சேர்ந்து அழகர்மலைப் பக்கத்துக் கள்ளர்களை அடக்குகிறான். வெள்ளையம்மாள் மேல் கொண்ட காதலால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். அவன் சன்னதி மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டி இருக்கிறது. சாதியின் பெயரால் தள்ளப்பட்டவன், வீரத்தால் உயர்ந்தவன், அரசனின் கட்டளையால் வெட்டுண்டவன், செத்தபின் தெய்வமாகி அதே அரசனையே வணங்க வைத்தவன். கங்காணியின் பிரம்புக்கும் தோட்டத் துரையின் உத்தரவுக்கும் கீழே வாழ்ந்தவர்கள் இந்தக் கதையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

இன்று மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் மாரியம்மன் கோயில்களில் மதுரைவீரன் குதிரைமேல் அமர்ந்திருக்கிறான். அங்குள்ளவர்கள் வாயில் அவன் பெயர் ‘மால்தெவிலன்’, ‘மால்தெவிதன்’ என்றெல்லாம் ஒலிக்கிறது. கயானாவின் மாரியம்மன் கோயில்களிலும் தப்பு முழங்க அவனுக்குப் பூசை உண்டு. மலேசியத் தோட்டங்களில் மதுரைவீரன் கோயில் இல்லாத வட்டாரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குவாதலூப்பில் ‘நாத்ரோன்’ என்றும் ரீயூனியன் தீவில் ‘நார்ல்கோன்’ என்றும் அழைக்கப்படும் இரவு நாடகம் நம் ஊர் நாடகத்தின் பேரப்பிள்ளை. பிரெஞ்சுத் தீவுகளில் தலைமுறைகள் செல்லச் செல்லப் பேச்சுத் தமிழ் அற்றுப்போனது. ஆனாலும் பூசாரிகளும் ஆட்டக்காரர்களும் சொல்லின் பொருள் முழுதும் தெரியாமலே, காதால் கேட்டதை நோட்டுப் புத்தகங்களில் ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடி வந்தார்கள். மொழி போனபின்னும் பாட்டு நின்றதற்குக் காரணம், அது வழிபாட்டோடு கட்டப்பட்டிருந்தது. பாடாவிட்டால் பூசை இல்லை.

இலங்கை மலையகத்திலும் மலேசியாவிலும் மொழியும் தங்கியதால் பாட்டு வளரவும் செய்தது. மலையகத்தில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இன்றும் ஆடப்படுகின்றன. கொழுந்து பறிப்பையும் கங்காணியின் கெடுபிடியையும் பற்றிப் புதுப் பாட்டுகள் பழைய மெட்டில் பிறந்தன. அவற்றைத் தொகுத்து அச்சில் தந்தவர் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). மலேசிய, சிங்கப்பூர் இளைஞர்களின் உறுமி மேளக் குழுக்கள் தைப்பூசக் காவடிக்கு அடிக்கும் அடியில் தென்மாவட்டக் கோயில் கொடையின் தாளம் கேட்கும். இந்தப் பரவலுக்குச் சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றோர் அச்சிட்ட ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களும் கைகொடுத்தன. திருவிழாக் கடைகளில் மலிவாக விற்ற அந்தக் கதைப்பாட்டுப் பிரதிகள் கொழும்புக்கும் பினாங்குக்கும் போயின.

நாடகக் கம்பெனிகளின் பயணம் இதற்கு அடுத்தது. தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியராக மதிக்கப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். அக்காலக் கம்பெனிகளுக்கு இலங்கையும் மலாயாவும் பர்மாவும் வருமானம் தரும் ஊர்கள். கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் முதலில் இணைந்து மேடையேறியதுகூட இலங்கையில்தான், 1926இல். ஆனால் அந்த அரங்குகளில் இருந்தவர்களும் தமிழர்களே. தமிழ் அறியாதவருக்கு இந்தக் கலையைக் கொண்டுசெல்லும் வேலையை ஆய்வாளர்கள்தான் தொடங்கினார்கள்.

சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பாட்டின் அறக்கருத்துகளில் அவருக்கு இருந்த ஆர்வம் பாடியவர்கள்மேல் இல்லை. பெர்சி மெக்வீன் என்ற அதிகாரி சேர்த்துவைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’யாகப் பதிப்பித்தார். 1970களின் தொடக்கத்தில் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை, கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை ஆகியவற்றை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது பெரிய திருப்பம். 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு என்ற யூசுப்கானை அதுவரை உலகம் பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்கள் வழியாகவே அறிந்திருந்தது. ஊர்ச்சனங்கள் அவனை எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதைக் கதைப்பாட்டு காட்டியது.

அதன்பின் வந்த அயல்நாட்டு ஆய்வாளர்கள் பாடியவரின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்தார்கள். மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மேலூரோடு தொடர்புடைய சிங்கம்மாவின் பாட்டை ஒரு விவசாயக் கூலிப் பெண்ணிடம் ஒலிப்பதிவு செய்து 1988இல் ஆராய்ந்து எழுதினார். கொடுமைக்கு ஆளாகிச் செத்துத் தெய்வமான குறவர் பெண்ணின் கதை அது. சிங்கம்மாவின் குரலும் பாடுகிறவரின் சொந்தக் குரலும் எந்த இடத்தில் ஒன்றாகின்றன என்று அவர் நுணுக்கமாகக் காட்டினார். சூசன் சீசர் மதுரையின் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி எழுதிய நூல் 2005இல் வந்தது. ராசபார்ட், ஸ்த்ரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்கப்பட்டு, ஒத்திகை இல்லாமல், அன்றிரவு மேடையில்தான் சந்தித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு வேறு நாட்டு நாடகக்காரர்களுக்குப் பெரிய ஆச்சரியம். நடிகைகள் சுமக்கும் இழிபெயரையும் அதை அவர்கள் சமாளிக்கும் விதத்தையும் அந்த நூல் மரியாதையோடு சொல்கிறது. கொங்கு நாட்டில் 1965இல் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்த கனடா நாட்டவர் பிரெண்டா பெக் ஒருபடி மேலே போய், அதை 26 பகுதிகள் கொண்ட சித்திரப் படத் தொடராகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். மதுரைவீரனுக்கோ அழகர் வர்ணிப்புக்கோ இவ்வளவு பெரிய முயற்சி இன்னும் அமையவில்லை என்பது குறையே.

அச்சும் ஒலிநாடாவும் பாட்டைக் காப்பாற்றுகின்றன. அதே நேரம் ஓடுகிற பாட்டை ஒரே வடிவத்தில் உறைய வைக்கின்றன. இதை நன்றாக உணர்ந்தவர் ‘பரட்டை’ என்ற பெயரில் பாட்டெழுதிய ஜே. தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், கீர்த்தனையும் மேல்நாட்டுப் பாமாலையும் ஆண்ட கிறித்தவ வழிபாட்டில் கிராமிய மெட்டையும் தப்பு என்னும் பறையையும் கொண்டுவந்தார். தம் பாட்டைச் சனங்கள் தங்கள் வசதிக்கு மாற்றிப் பாடவேண்டும் என்பது அவர் விருப்பம். அவரைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் எழுதிய நூல் 2014இல் வெளியானது. பறையடிக்கும் கலைஞர்களைப் பற்றியும், திண்டுக்கல்லில் இளம்பெண்களுக்குப் பறை கற்றுத்தரும் சக்தி கலைக்குழுவைப் பற்றியும் அவர் எடுத்த ஆவணப்படங்கள் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு இந்தக் கலையை அறிமுகம் செய்தன. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தோற்கருவியை இசை என்று சொல்லி அவையில் வைப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அந்தப் படங்களில் கலைஞர்களே பேசுகிறார்கள்.

விழா மேடை வேறு விதம். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் பேரவை 1987இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தை ஒட்டி அது நடத்தும் விழாவுக்கும், வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பாவின் பொங்கல் விழாக்களுக்கும் தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கலைஞர்கள் அழைக்கப்படுகிறார்கள். மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக இருந்து மேடைதோறும் மண்ணின் பாட்டைப் பாடியும் விளக்கியும் வந்த நவநீதகிருஷ்ணன் – விஜயலட்சுமி இணையர் இத்துறையில் முன்னோடிகள். விஜயலட்சுமிக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மதுரையை ஒட்டிய பரவை ஊரின் முனியம்மா, 2003இல் வந்த ‘தூள்’ படத்துக்குப் பிறகு உலகத் தமிழர் அறிந்த குரலானார். 2020இல் காலமாகும்வரை அவர் பேச்சிலும் பாட்டிலும் பரவையின் மண்வாசம் மாறவில்லை.

ஆனால் மேடையின் கடிகாரம் ஈவிரக்கம் இல்லாதது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை முடியும் நாடகத்துக்கு வெளிநாட்டில் கிடைப்பது இருபது நிமிடம். நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று ஒரு கூட்டமே சேர்ந்தால்தான் நையாண்டி மேளம். விமானச் செலவும் விசாவும் பார்த்து விழாக்குழு இரண்டு மூன்று பேரை அழைக்கும். மற்ற வாத்தியங்கள் பதிவு செய்த ட்ராக்கில் வரும். கதை முதலில் வெட்டுப்படும், அடுத்து பபூனின் நையாண்டி. கடைசியில் மிஞ்சுவது துள்ளலான தாளமும் சினிமாவில் கேட்ட ஒன்றிரண்டு பாட்டும்தான். கலைஞருக்கு வேறொரு கணக்கும் உண்டு. பங்குனி முதல் ஆடி வரை உள்ளூரில் கோயில் கொடைகளும் திருவிழாக்களும் அடுத்தடுத்து வரும். அந்த மாதங்களில் வெளிநாடு போனால் வருசக்கணக்காக அழைத்துவரும் ஊர் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும்.

கருவிக்கும் இதே கதிதான். பறை மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்துக் கன்றுத்தோல் ஒட்டிச் செய்யப்படுவது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். அடிப்பதற்குமுன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, கணீரென்ற சத்தம் வந்தபிறகுதான் தோளில் சாய்ப்பார்கள். இடக்கையில் மெல்லிய சுண்டுக்குச்சி, வலக்கையில் கட்டையான அடிக்குச்சி. குளிர்நாட்டில் மூடிய அரங்குக்குள் தீ மூட்ட வழியில்லை. அதனால் செயற்கைத் தோல் மாட்டிய பறைகள் இப்போது பரவிவிட்டன. தளர்வதில்லை, காய்ச்ச வேண்டியதில்லை. ஆனால் தீயைச் சுற்றி நின்று பறை காய்ச்சும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஆசான் சீடனுக்கு அடியையும் அடியின் கதையையும் சொல்லித்தருவது வழக்கம்.

தம் பாட்டை உலக அரங்கில் ஏற்றிய மற்றவர்களின் அனுபவம் இங்கே உதவும். இத்தாலியின் சர்தீனியா தீவில் மேய்ப்பர்கள் நால்வர் வட்டமாக நின்று பாடும் ‘காந்து அ தெனோரே’ முறையை யுனெஸ்கோ 2005இல் மானுடப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. பித்தி என்ற சிற்றூரின் குழு 1990களில் இசைக்கலைஞர் பீட்டர் கேப்ரியலின் ‘ரியல் வேர்ல்டு’ நிறுவனத்தில் இசைத்தட்டு வெளியிட்டது. சர்து மொழி தெரியாத ஊர்களிலும் அவர்கள் மேடைக்காக அமைப்பை மாற்றவில்லை. அதே நால்வர், அதே வட்டம், அதே தொண்டைக்குரல். பாட்டின் பொருளைத் தனியே எடுத்துச் சொன்னார்கள். யுனெஸ்கோ பட்டியலில் தமிழ்நாட்டின் நாட்டார் கலை ஒன்றுகூட இன்னும் இடம்பெறவில்லை.

தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சிறந்த சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசைக் கூத்தின் ஆசிரியர் சம்பந்தத் தம்பிரானிடம் பாரிஸின் ‘தெயாத்ர் து சொலேய்’ நாடகக் குழு தெருக்கூத்து பயின்றது. அக்குழுவுக்காக 2016இல் அரியான் ம்னூஷ்கின் இயக்கிய நாடகத்துக்குள் பாரதக் கூத்துக் காட்சிகள் அப்படியே வந்தன. பல நாட்டு நடிகர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டித் தமிழிலேயே பாடினார்கள். 2017இல் நியூயார்க்கிலும் அது நடந்தது. சுருக்கித் தருவதைவிடக் கற்றுத்தருவது பலமடங்கு பயன் தரும் என்பதற்கு இது போதும்.

மதுரையிலும் அந்த வழி திறந்திருக்கிறது. அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசான் வேலு 2025இல் பத்மஸ்ரீ பெற்றார். ஊர் சாவுக்கும் சாமிக்கும் அடித்த கருவியை ஆணும் பெண்ணும், எல்லாச் சாதியினரும் கையில் எடுக்கப் பழக்கியவர் அவர். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து நாடுகளில் கணினித் துறையில் வேலை பார்க்கும் தமிழர்களும் அங்கேயே பிறந்த பிள்ளைகளும் இன்று பறைக் குழுக்கள் நடத்துகிறார்கள். பறைக்குக் கிடைத்த இந்த வாழ்வு சொல்லை நம்பி நிற்கும் கலைகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. தாளத்தைக் காது பிடித்துக்கொள்ளும். வர்ணிப்புக்கும் ஒப்பாரிக்கும் மொழியும் ஊர்க்கதையும் வேண்டும். அவற்றைக் கொண்டுபோகிறவர்கள் பாட்டின் முழு வரிகளையும் பொருளையும் திரையில் ஓடவிடுவது, பாடுவதற்குமுன் கதையைச் சொல்லிவிடுவது, ஒரு பாட்டையாவது வெட்டாமல் முழுதாகப் பாடவிடுவது என்ற மூன்றைச் செய்தாலே அரங்கு நிமிர்ந்து உட்காரும். தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மதுரைவீரன் கதையையும் அழகர் கதையையும் முன்பே சொல்லி வைத்துவிட்டுப் பாடகரை அழைத்தால், கேட்பவர் கொண்டுவரும் அந்தப் பாதியும் அங்கே உண்டாகும்.

எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பதிந்த ஒலிநாடாக்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றைக் கேட்டதில்லை. இப்படி அயல்நாடுகளில் தங்கிவிட்ட ஒலிப்பதிவுகளின் படிகளை இந்தியாவுக்குக் கொண்டுவரும் நோக்கத்தோடு 1982இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் ஒரு இசை ஆவணக்காப்பகத்தைத் தொடங்கியது. அது குருகிராமில் இயங்குகிறது. ஆய்வாளர்கள் பலர் தங்கள் பதிவுகளின் படியை அங்கே ஒப்படைத்திருக்கிறார்கள். மதுரை வட்டாரப் பாட்டுகளுக்கும் இப்படி ஒரு தேடல் நடந்து, படிகள் மதுரையின் கல்லூரிகளுக்கும் பாடகர்களின் ஊர்களுக்கும் வந்து சேர வேண்டியிருக்கிறது.